பேட்டரி மாற்றும் காது மெஷினா, சார்ஜ் செய்யும் காது மெஷினா?

78 வயதாகும் என் அம்மா நான்கு ஆண்டுகள் பேட்டரி மாற்றும் காது மெஷினை வைத்திருந்தார். சென்ற ஆண்டு சார்ஜ் செய்யும் வகைக்கு மாறினோம். இரண்டும் காதுக்குப் பின்னால் மாட்டுபவை. ஒலித்தெளிவு, செவித்திறன் பரிசோதகர் எவ்வளவு பொறுமையாகச் சரிசெய்து தருகிறார் என்பதைப் பொறுத்தது. சார்ஜ் வகைக்கு விலை கூடுதல் என்பது தெரிந்ததே. எங்கள் முடிவைத் தீர்மானித்தது அன்றாடப் பராமரிப்பு, அதுவும் அது யார் கையால் நடக்கிறது என்பது.

பழைய மெஷினுக்கு 13-ஆம் எண் பேட்டரி. ஆரஞ்சு நிற ஒட்டுத்தாளை உரித்து, காற்றுப் பட ஓரிரு நிமிடம் வைத்திருந்து உள்ளே போட வேண்டும். ஒன்று ஏறக்குறைய 10 நாள் உழைத்தது. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணி, சர்க்கரை நோயால் விரல்நுனி மரத்துப்போன அம்மாவுக்குச் சட்டைப் பொத்தானைவிடச் சிறிய அந்த வில்லையைப் பிடிப்பதே பெரும்பாடு. கைநழுவிக் கட்டிலுக்கடியில் உருண்டோடும். தலைகீழாகப் போட்டால் மூடி மூடாது. ஒருமுறை அழுத்தி மூடப்போய் மூடியே உடைந்தது. பேட்டரி தீர்ந்த மெஷின் காதை அடைக்கும் தக்கைதான். ஆனால் அம்மா பேட்டரியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "போட்டாலும் ஒண்ணுதான், போடாட்டாலும் ஒண்ணுதான்" என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். நாங்கள் அதைப் பிடிவாதம் என்றே நினைத்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் புது பேட்டரி போட்டு மாட்டிவிட்டதும், அடுப்படியில் குக்கர் விசிலடிக்க, அம்மா சட்டென்று திரும்பிப் பார்த்தார். எத்தனை வாரங்கள் அவரை வீணாகக் கடிந்துகொண்டோம் என்று அப்போதுதான் உறைத்தது.

இப்போது இரவு மாத்திரை போட்டதும், மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்திலுள்ள சார்ஜர் பெட்டியில் இரண்டு காது மெஷின்களையும் வைக்கிறார். பச்சை விளக்கு எரிந்தால் போதும். காலையில் எடுத்ததும் தானாகவே இயங்கத் தொடங்குகிறது, படுக்கப்போகும்வரை தாங்குகிறது. 14 மாதங்களாக ஒருநாளும் அதை அலமாரியில் நான் பார்த்ததில்லை.

நெடும்பயணம் செல்வோருக்கும், மின்வெட்டு மிகுந்த ஊரில் இருப்போருக்கும், மாற்றித்தர ஆள் உள்ள வீட்டுக்கும் பழைய வகையே வசதி. சார்ஜ் வகையின் லித்தியம் பேட்டரி சில ஆண்டுகளில் வலுவிழக்கும். அதை நாமே மாற்ற முடியாது, அந்தக் கட்டத்தை நாங்கள் இன்னும் எட்டவில்லை. வியர்வை இரண்டுக்கும் ஆகாது. ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் டப்பா எதை வாங்கினாலும் வேண்டும்.

2017-இல் ஒன்றிய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் ஏழை முதியோருக்குக் காது மெஷின் இலவசம். இலவசமாகப் பெற்றாலும் விலைக்கு வாங்கினாலும், அங்கேயே பெரியவர் கையில் கொடுத்து, யாரும் உதவாமல் அவரே மூடியைத் திறந்து பேட்டரியை மாற்றுகிறாரா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.