வி.பி.என். சந்தா நல்லது, அதன் தேடல் பங்குத் திட்டம் வேண்டாம்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

தோவாளைப் பூச்சந்தை விலையையும் ரப்பர் விலையையும் நாள்தோறும் வெளியிடும் ஒரு சிறிய தளத்தை நாகர்கோவிலிலிருந்து நடத்துகிறேன். தளத்தின் மேற்பகுதியில், தளங்களில் விளம்பரம் காட்டி வருவாயைப் பங்கிடும் கூகுள் ஆட்சென்ஸ் சேவை வழங்கும் தேடல் பெட்டி உண்டு. அதில் வாசகர் தேடும்போது வரும் விளம்பரங்களின் வருவாயில் 51 விழுக்காடு தளம் நடத்துபவருக்குச் சேரும். சந்தையிலும் தேநீர்க் கடையிலும் கிடைக்கும் பொது வைஃபையில் வேலை பார்க்க நேர்வதால், ஓராண்டுக்கு முன் ஒரு வி.பி.என். சேவைக்குச் சந்தா கட்டினேன். நம் இணையப் போக்குவரத்தைப் பிறர் படிக்க முடியாதபடி மறைத்து, வேறோர் இடத்தில் உள்ள சர்வர் வழியாக அனுப்பும் சேவை அது. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. நான் சொல்ல வந்த குறை அந்த ஒரு நிறுவனத்தோடு முடிவதும் இல்லை.

முதலில் நிறையைச் சொல்லிவிடுகிறேன். குளச்சல், தக்கலை, களியக்காவிளை என்று எங்கே அலைந்தாலும் இணைப்பு அடிக்கடி அறுவதில்லை. வி.பி.என். அறுந்தால் இணையத்தையே நிறுத்திவிடும் கில் சுவிட்ச் ஒழுங்காக வேலை செய்கிறது. குறிப்பிட்ட செயலிகளை மட்டும் வி.பி.என்.னுக்கு வெளியே வைக்கும் ஸ்பிளிட் டனலிங் வசதிதான் எனக்கு மிகவும் உதவியது. ஆட்சென்ஸ் கணக்கைத் திறக்கும் பிரவுசரை அப்படியே வெளியே வைத்திருக்கிறேன். இந்தியா என்று பட்டியலில் காட்டும் சர்வர் உண்மையில் சிங்கப்பூரில் இருக்கிறது. வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் உத்தரவிட்டதை அடுத்துப் பல நிறுவனங்கள் இங்கிருந்த சர்வர்களை அகற்றிக்கொண்டன. சர்வர் சிங்கப்பூரில் இருப்பதை அந்நிறுவனம் மறைக்காமல் எழுதியிருப்பது பாராட்டத்தக்கது.

சிக்கல் எட்டாம் மாதத்தில் வந்தது. தளம் நடத்துபவர்களுக்கென்று ஒரு பங்குத் திட்டம் இருப்பதாக மின்னஞ்சல் அனுப்பினார்கள். அவர்களுடைய பிரவுசர் எக்ஸ்டென்ஷனை (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சிறு மென்பொருள்) என் வாசகர்கள் நிறுவிக்கொண்டால், வி.பி.என். இலவசமாகக் கிடைக்கும், அதோடு வாசகரின் தேடல் முழுவதும் அவர்களுடைய தேடல் பக்கத்துக்குத் திரும்பும், அங்கே வரும் விளம்பர வருவாயில் எனக்கும் பங்கு உண்டு. கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் விதிகளை வரிவரியாகப் படித்தபோது ஒவ்வொரு படியிலும் தடை நின்றது. ஆட்சென்ஸ் விளம்பரங்களையும் தேடல் பெட்டியையும் டூல்பார், எக்ஸ்டென்ஷன் போன்ற எந்த மென்பொருளுக்குள்ளும் பொருத்தக் கூடாது. குரோம் ஸ்டோரில் ஓர் எக்ஸ்டென்ஷனுக்கு ஒரே நோக்கம்தான் இருக்க வேண்டும், வி.பி.என்.னையும் தேடல் மாற்றத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டிக் கொடுப்பது அந்த விதியோடு மோதுகிறது. ஆண்ட்ராய்டிலோ, வி.பி.என். வசதியைக் கொண்டு பிற செயலிகளின் போக்குவரத்தை வருமானத்துக்காகத் திருப்பிவிடக் கூடாது என்று கூகுள் பிளே சொல்கிறது. பயனரின் நாடு அல்லாத வேறு நாட்டின் வழியாக விளம்பரப் போக்குவரத்தைச் செலுத்துவதையே அதற்கு எடுத்துக்காட்டாகவும் தருகிறது.

இந்த விதிகளின் காரணம் ஒரு மாலையில் எனக்குக் கண்கூடாகப் புரிந்தது. வடசேரியில் அமர்ந்துகொண்டு, வி.பி.என்.னை அமெரிக்காவின் டல்லாஸ் சர்வரில் வைத்து, பல் இம்பிளான்ட் பற்றித் தேடினேன். முதல் விளம்பரமே டல்லாஸில் உள்ள ஒரு பல் மருத்துவமனையுடையது. நான் அதைத் தொடவில்லை. தொட்டிருந்தால், வடசேரியிலிருந்து ஒருபோதும் வரப்போகாத ஒரு நோயாளிக்காக அந்த மருத்துவர் அமெரிக்க விலையில் பணம் கொடுத்திருப்பார். இணைப்பு எங்கிருந்து வருகிறது என்று காட்டும் ஐ.பி. முகவரியை நம்பித்தான் அவர் தம் ஊருக்கு மட்டும் விளம்பரம் கொடுக்கிறார். அந்த நம்பிக்கையைக் கெடுத்து வரும் காசு எனக்குத் தேவையில்லை. கூகுள் அதைச் செல்லாத கிளிக் என்று கண்டுபிடித்தால் தொகை என் கணக்கில் கழிக்கப்படும், கணக்கே முடக்கப்படவும் கூடும் என்பது அதற்கு அடுத்த கவலை.

இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எங்கள் மாவட்டத்தில் வளைகுடாவுக்குப் போகாத வீடு குறைவு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்புக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அங்குள்ள வாசகர் சிலர் வி.பி.என். வழியாகவே இணையத்துக்கு வருகிறார்கள். துபாயிலிருந்து ஒரு தம்பி அழைத்து, “அண்ணே, உங்க பக்கத்துல எனக்கு ஜெர்மன் விளம்பரமா வருது, என்ன காரியம்?” என்று கேட்டான். இப்படித் தாமாகவே வி.பி.என். போட்டுக்கொண்டு ரப்பர் விலை பார்க்க வருபவர் உண்மையான வாசகர். அவரை நான் அழைத்து வந்து வேறு நாட்டின் முகமூடியை மாட்டவில்லை. பணத்துக்காக அந்த முகமூடியை நானே மாட்டிவிட்டு விளம்பரத்தின் முன் நிறுத்துவதுதான் குற்றம். (அமீரகத்தில் ஐ.பி. முகவரியை மறைத்துக் குற்றம் செய்தால் 5 லட்சம் திர்ஹாமிலிருந்து 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம் உண்டு. அங்கிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் ஒரு இலவச எக்ஸ்டென்ஷனை நிறுவச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.)

அந்நிறுவனத்துக்கு மூன்று கேள்விகள் எழுதி அனுப்பினேன். வாசகரின் தேடல் யாருடைய விளம்பரக் கணக்கில் சேர்கிறது? தேடல் மாறப்போகிறது என்பதை நிறுவும் முன்பே வாசகருக்குத் தெளிவாகச் சொல்கிறீர்களா? விளம்பரதாரருக்குப் போவது வாசகரின் நாடா, சர்வரின் நாடா? முதல் இரண்டுக்கும் நான்கு நாளில் பதில் வந்தது. மூன்றாவதற்கு மீண்டும் இரு முறை எழுதியும் பதில் இல்லை. சென்ற வாரம் வெறும் வி.பி.என். சந்தாவை மட்டும் இன்னும் ஓராண்டுக்குப் புதுப்பித்துவிட்டு, பங்குத் திட்டத்துக்கு அவர்கள் அனுப்பியிருந்த இணைப்பை அழித்துவிட்டேன்.