கூட்டத்துக்கு ஒரு நட்சத்திரம், பொது உண்டியலுக்கு நாலு

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இந்தச் சேவைக்கு நான் காசு கொடுத்தவன் இல்லை. ஐ.நா.வின் உதவி ஒருங்கிணைப்பு என்கிற இந்தச் சேவையில் காசு கொடுப்பவர்கள் ஜெனீவாவிலும் நியூயோர்க்கிலும் உட்கார்ந்திருக்கிற கொடை நாடுகள், அது வந்து இறங்குவது ஏதோ ஒரு அரசாங்கத்தின் மண்ணில், கடைசியில் அதைப் பயன்படுத்துவது கூடாரத்தில் இருக்கிற சனம். மூன்று தரப்பும் ஒரே சேவைக்கு மூன்று விதமாகப் புள்ளி போடுவார்கள். நான் நாலாவது ஆள், இடையில் நின்று மொழிபெயர்த்தவன். அதனால் எல்லாரையும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும்.

2005 தொடக்கத்தில் மட்டக்களப்பில் ஒரு சின்ன உள்ளூர் அமைப்பில் வேலை. சுனாமிக்கு உலகம் முழுக்கச் சேர்ந்த பணம் 13 பில்லியன் டாலருக்கு மேல் என்று பிறகு கணக்குப் போட்டார்கள், அதில் ஒரு நூலிழை எங்கள் பக்கமும் வந்தது. வாரத்துக்கு இரண்டு மூன்று ஒருங்கிணைப்புக் கூட்டம், எல்லாம் ஆங்கிலத்தில், மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க அரை மணி முன்னதாகப் போக வேண்டும். ஆளுக்கு ஒரு அட்டவணை. ஒரு கிராமத்துக்கு மூன்று நிறுவனங்கள் படகு கொடுத்திருந்தன, அடுத்த கிராமத்துக்கு ஒன்றும் இல்லை, இது அந்த மண்டபத்தில் இருந்த எல்லாருக்கும் தெரியும், ஆனால் தன் படகை இடம் மாற்ற ஒருவருக்கும் அதிகாரம் இல்லை, ஏனென்றால் படகுக்குக் காசு கொடுத்த நாடு கிராமத்தின் பெயரையும் சேர்த்தே ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. "தம்பி, இப்பிடியே குடுத்தா மீனைவிட போட் கூடிரும் போல" என்றார் ஒரு ஐயா. அதை நான் அந்தக் கூட்டத்தில் மொழிபெயர்த்தேன். சிரித்தார்கள், குறித்துக்கொண்டார்கள், அடுத்த நிகழ்ச்சி நிரலுக்குப் போனார்கள்.

அதே வாரம் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், ஒரு அதிகாரி என்னிடம் கேட்டார், "உங்கட ஆக்கள் இப்ப எத்தனை நிறுவனம் எண்டு ஒரு லிஸ்ட் தருவீங்களா?" மாவட்ட நிர்வாகம் எங்களிடம் கேட்கிறது! நாங்களோ கூட்டத்தில் உட்கார்ந்து, அரசாங்கம் ஒருங்கிணைக்கவில்லை என்று குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

இந்த இடத்தில் கொஞ்சம் பழைய கதை தேவை. 1991 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை போட்ட 46/182 தீர்மானம்தான் இந்தச் சேவையின் அடித்தளம். பாதிக்கப்பட்ட நாட்டுக்கே உதவியைத் தொடங்குவதிலும் ஒழுங்குபடுத்துவதிலும் முதன்மைப் பொறுப்பு என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. எழுதியதோடு சரி. 2005இல், சூடானின் டார்பூரில் பட்ட அடிக்குப் பிறகு, யான் ஏகலண்ட் என்ற ஐ.நா. அவசர நிவாரண ஒருங்கிணைப்பாளர் முழு அமைப்பையும் ஆராயச் சொல்ல, அதில் பிறந்தது 'கிளஸ்டர்' முறை. தண்ணீருக்கு யுனிசெப், சுகாதாரத்துக்கு உலக சுகாதார அமைப்பு என்று துறைக்கு ஒரு தலைவர். முதல் சோதனை அதே வருடம் ஒக்டோபரில் பாகிஸ்தான் நிலநடுக்கத்தில். கொடை நாடுகளுக்கு இது பிடித்துப்போனது, எதற்கு யார் பொறுப்பு என்று கேட்க ஒரு தொலைபேசி எண் கிடைத்ததே.

ஆனால் 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு ஹெய்ட்டியைப் பாருங்கள். தலைநகர் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஐ.நா.வின் தளத்துக்குள் கூட்டங்கள் நடந்தன, பெரும்பாலும் ஆங்கிலத்தில். கிரியோலும் பிரெஞ்சும் பேசுகிற ஊர். வாசலில் பாதுகாப்புச் சோதனை தாண்டி உள்ளே வந்த ஹெய்ட்டிக்காரர்கள் சொற்பம். அவசர நிவாரணப் பணத்தில் ஹெய்ட்டி அரசாங்கத்தின் கைக்குப் போனது நூற்றுக்கு ஒன்று, அவ்வளவுதான். வாசித்தபோது எனக்கு அந்த மட்டக்களப்பு மின்விசிறி ஞாபகம் வந்தது.

கூட்டத்துக்கு ஒரு நட்சத்திரம். அதுவும் தேநீருக்காக.

சரி, அரசாங்கங்கள் இதை எப்படிப் பார்க்கின்றன? சந்தேகத்தோடுதான், அதில் பாதி நியாயம் இருக்கிறது. இந்தோனேசியாவை எடுங்கள். அச்சேயில் சுனாமிக்குப் பிறகு நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் குவிந்தபோது 2005 ஏப்ரலில் பி.ஆர்.ஆர். என்று தனி மறுசீரமைப்பு முகவரகத்தை அமைத்து, குந்தோரோ மங்குசுப்ரோதோ என்பவரைத் தலைமையில் வைத்து, நாலு வருடத்தில் வேலையை முடித்து மூடிவிட்டார்கள். அதோடு பல கொடையாளர்கள் தங்கள் பணத்தை ஒரே நிதியில் போட்டு, உலக வங்கியின் பொறுப்பில் வைத்தார்கள். 2018இல் அதே நாட்டின் பாலு நகரில் நிலநடுக்கம் வந்தபோது, உள்ளூர் கூட்டாளி இல்லாத வெளிநாட்டு நிறுவனங்கள் ஆட்களைத் திருப்பி அழைக்க வேண்டும் என்று ஜகார்த்தா சொல்லிவிட்டது. பல நிறுவனங்களுக்குக் கோபம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம், மறைக்கவில்லை. இந்தியாவும் 2004இல் மற்ற நாடுகளின் உதவி வேண்டாம் என்றது. கடலுக்கு அந்தப் பக்கம் நாகப்பட்டினத்தில் உள்ளூர்த் தொண்டு அமைப்புகளே கலெக்டர் அலுவலகத்தோடு சேர்ந்து ஒரு ஒருங்கிணைப்பு மையத்தை நடத்தின என்று கேள்விப்பட்டு எங்களுக்குக் கொஞ்சம் பொறாமை.

ஆனால் அரசாங்கத்தின் கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று என்னால் எழுத முடியாது, நான் எங்கிருந்து எழுதுகிறேன் என்பது காரணம். 2005 ஜூன் 24இல் இலங்கை அரசாங்கமும் புலிகளும் சுனாமி உதவியைப் பங்கிடப் பொதுக் கட்டமைப்பு ஒன்றில் கையெழுத்திட்டார்கள், கொடை நாடுகள் கைதட்டின, அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதன் முக்கியமான பகுதிகளை இடைநிறுத்தியது, அமெரிக்கா போன்றவர்களுக்கோ புலிகள் தங்கள் தடைப்பட்டியலில் இருந்ததால் அதற்குள் நேரடியாகக் காசு போடவே வழியில்லை. அப்புறம் 2008 செப்டம்பர், போர் நெருங்கி வந்த நேரம். பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை என்று அரசாங்கம் சொன்னதும் ஐ.நா. கிளிநொச்சியை விட்டு வெளியேறியது. போகாதீர்கள் என்று சனம் வாசலில் நின்றது. போரின் கடைசிக் கட்டம் பற்றி 2012 நவம்பரில் வெளிவந்த, ஐ.நா.வின் சார்ள்ஸ் பெட்ரி குழுவின் உள்ளக அறிக்கை, ஐ.நா. அமைப்பு ஒட்டுமொத்தமாகத் தோற்றது என்று ஒப்புக்கொண்டது. வீசாவும் அனுமதியும் போய்விடுமோ என்ற பயத்தில் பேச வேண்டியதைப் பேசவில்லை, நாட்டிலிருந்த ஒருங்கிணைப்பாளருக்கு மேலிருந்து சரியான பலமும் இல்லை, உறுப்பு நாடுகளும் பாதுகாப்புச் சபையில் ஒரு முறைப்படியான கூட்டம்கூட வைக்கவில்லை. ஒரே ஆள் மேம்பாட்டுக்கு அரசாங்கத்தின் கூட்டாளி, நிவாரணத்துக்குத் தலைவர், மனித உரிமைக்கும் குரல் என்றால் எந்தத் தொப்பியை முதலில் கழற்றுவார்?

அந்தத் தொப்பிப் பிரச்சினைக்கு 2019 ஜனவரி 1 முதல் ஒரு மருந்து போட்டார்கள், ஒரு நாட்டில் ஐ.நா.வின் தலைமை ஆளான வதிவிட ஒருங்கிணைப்பாளரின் பதவியை யு.என்.டி.பி. என்கிற மேம்பாட்டு நிறுவனத்திலிருந்து பிரித்துத் தனியாக்கி, நேரே செயலாளர் நாயகத்துக்குக் கீழே கொண்டுவந்தார்கள். நல்ல யோசனைதான். ஆனால் செலவுக்கு, கட்டுப்பாடு போட்டு வருகிற நிதியில் 1 சதவீத வரி, நிறுவனங்களின் பங்கு, விருப்ப நன்கொடை என்று ஒட்டுப்போட்ட ஏற்பாடு. கேட்ட பணம் முழுதாக வரவில்லை. இரண்டு நட்சத்திரம்.

இனிக் கொடையாளர்கள். இவர்கள்தான் சீர்திருத்தம் வேண்டும் என்று சத்தமாகக் கேட்பவர்கள், இவர்கள்தான் அதை நடக்கவிடாதவர்களும். உதவியைப் பயனுள்ளதாக்க என்று போட்ட 2005 பாரிஸ் பிரகடனத்தில் தங்களுக்குத் தாங்களே 13 இலக்கு வைத்தார்கள், ஒன்றுதான் நிறைவேறியது. 2016இல் இஸ்தான்புல்லில் கிராண்ட் பார்கெயின் என்று ஒரு பெரிய உடன்பாடு. 2020க்குள் பணத்தில் கால்வாசி உள்ளூர் அமைப்புகளுக்கு இயன்றவரை நேரடியாகப் போக வேண்டும், 30 சதவீதமாவது கடும் நிபந்தனை இல்லாமல் வர வேண்டும். நேரடியாகப் போனது ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை. எங்கள் அமைப்புக்கு ஒரே கிணற்றுக்கு இரண்டு கொடையாளர், இரண்டு வடிவத்தில் அறிக்கை, ஒருவருக்கு அடியில் ஆழம், மற்றவருக்கு மீற்றரில். கிணறு ஒன்றுதான் ஐயா!

இதில் நான் மனசாரப் புள்ளி போடுவது பொது உண்டியல்களுக்கு. 2006 மார்ச்சில் தொடங்கிய செர்ப் என்கிற மத்திய அவசர நிதி, நாட்டுக்கு நாடு இருக்கும் கூட்டு நிதிகள். முன்பு வெறும் 50 மில்லியன் டாலர் கடன் நிதியாக இருந்த செர்ப்பை மானியம் தரும் நிதியாக மாற்றினார்கள். இங்கே பணம் முதலில் ஒன்றாகச் சேர்கிறது, பிறகுதான் யாருக்கு என்று பேச்சு. காசு கையில் இருக்கிற ஒருங்கிணைப்பாளர் சொன்னால் நிறுவனங்கள் கேட்கும், காசில்லாதவர் சொன்னால் குறித்துக்கொள்ளும், மட்டக்களப்பில் நான் பார்த்த வித்தியாசம் முழுக்க இதுதான். ஐந்தாவது நட்சத்திரத்தை ஏன் பிடித்துக்கொண்டேன் என்றால், உள்ளூர்க்காரன் விண்ணப்பப் படிவத்தைக் கண்டாலே ஓடுவான்.

இப்போது 2025க்குப் பிறகு கதை வேறு. அமெரிக்காவின் உதவி நிறுவனமான யு.எஸ்.எய்ட் அந்த ஜூலையோடு மூடப்பட்டது, ஐ.நா.வின் நிவாரண ஒருங்கிணைப்பு அலுவலகமான ஓச்சா ஐந்தில் ஒரு பங்கு ஆட்குறைப்பு அறிவித்தது, அதன் தலைவர் டொம் பிளெச்சர் 44 பில்லியன் டாலர் கேட்ட இடத்தில் 29 பில்லியனுக்கு முன்னுரிமைப் பட்டியல் போட்டார். அதே வருடக் கடைசியில் அமெரிக்கா 2 பில்லியன் டாலரை ஓச்சாவின் கூட்டு நிதிகள் வழியாகத் தருவதாகச் சொன்னது. என் பொது உண்டியல் ஜெயித்துவிட்டது என்று துள்ளலாம், ஆனால் எந்தெந்த நாட்டுக்கு என்பதையும் அவர்களே தெரிவு செய்துவிட்டார்கள். உண்டியல் பொது, சாவி தனி.

2025 கடைசியில் இலங்கையைத் தாக்கிய தித்வா புயலுக்குப் பிறகு பழைய நண்பர் ஒருவர் ஒரு ஒருங்கிணைப்பு அட்டவணையை அனுப்பியிருந்தார். யார், எங்கே, என்ன. 2005இல் இருந்த அதே மூன்று நிரல்கள், இந்த முறை நிறம் பூசி. யாருடைய காசு, என்ன நிபந்தனை என்று நாலாவது நிரல் இருக்கிறதா என்று வலப்பக்கம் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். வெறும் கட்டங்கள்.