பக்கவாதச் சிகிச்சையில் ஆல்டிப்ளேஸா, டெனெக்டிப்ளேஸா?

மூளை ரத்தக்குழாய் அடைப்புடன் நான்கரை மணி நேரத்துக்குள் வந்து சேரும் நோயாளிகளுக்குப் பல ஆண்டுகளாக ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஆல்டிப்ளேஸ் மருந்தையே கொடுத்துவந்த எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவு, அண்மையில் அதே வகை மருந்தான டெனெக்டிப்ளேஸுக்கு மாறியது. மாற வேண்டும் என்று வலியுறுத்தியவர்களில் நானும் ஒருவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பலனில் பெரிய வேறுபாடு இல்லை. கனடாவில் நடத்தப்பட்டு 2022-இல் வெளியான ஆக்ட் ஆய்வில், ஏறத்தாழ மூன்று மாதங்களுக்குப் பின் நன்கு தேறியிருந்தவர்கள் டெனெக்டிப்ளேஸ் பிரிவில் 36.9 சதவீதம், ஆல்டிப்ளேஸ் பிரிவில் 34.8 சதவீதம். மூளைக்குள் ரத்தம் கசிந்து நிலைமை மோசமானவர்கள் முறையே 3.4, 3.2 சதவீதம்.

என் மனத்தை மாற்றியது மருந்தைச் செலுத்தும் முறைதான். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஆல்டிப்ளேஸ் 54 மில்லிகிராம் தேவை, அதில் 5.4 மில்லிகிராமை உடனே ஊசியாகப் போட்டு, மீதி 48.6 மில்லிகிராமை ஒரு மணி நேரம் பம்ப் வழியாக ஏற்ற வேண்டும். அதன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறையும் நேரம், ஐந்து நிமிடத்துக்கும் குறைவு என்பதால், முதல் ஊசி போட்டபின் பம்ப் ஓடத் தொடங்கப் பத்து நிமிடம் தாமதமானாலே ரத்தத்தில் மருந்தின் அளவு சரிந்துவிடும். ஸ்கேன் அறையிலிருந்து வார்டுக்கு நகர்த்தும்போது நோயாளி முழங்கையை மடக்கினால் பம்ப் அலறி நின்றுவிடும். குழாயில் தங்கிய கடைசிச் சில மில்லிலிட்டரைச் சலைன் விட்டுத் தள்ள மறந்தால், கணக்கிட்ட அளவு அவர் உடலுக்குள் போய்ச் சேர்ந்திருக்காது. ரத்தக்கட்டியைக் கருவி கொண்டு அகற்ற வேறு மருத்துவமனைக்கு அனுப்பும்போதோ, பம்பும் அதைக் கையாளத் தெரிந்தவரும் ஆம்புலன்ஸில் கூடவே போக வேண்டும். டெனெக்டிப்ளேஸின் அரை ஆயுள் இருபது நிமிடத்துக்கும் மேல் என்பதால், அதே நோயாளிக்கு 15 மில்லிகிராம், அதாவது மூன்று மில்லிலிட்டர், ஒரே ஊசியில் சில விநாடிகளில் முடிந்துவிடுகிறது.

நான்கரை மணி நேரத்தைத் தாண்டி வருபவர்களைப் பற்றி உறுதியாகப் பேச எனக்கு அனுபவம் போதாது. சீனாவில் நடந்து 2024-இல் வெளியான டிரேஸ்-3 ஆய்வு, ஸ்கேனில் தேர்ந்தெடுக்கப்பட்டு, ரத்தக்கட்டியை அகற்றும் வசதி கிடைக்காத நோயாளிகளிடம் டெனெக்டிப்ளேஸின் பலனைக் காட்டியது. ஆனால் அத்தகைய நோயாளிகளை நான் மிகச் சிலரையே பார்த்திருக்கிறேன்.

புதிய மருந்தில் எனக்குள்ள அச்சம் ஒன்றுண்டு. மாரடைப்புக்கும் இதே டெனெக்டிப்ளேஸ்தான்; ஆனால் அதே 60 கிலோ எடைக்கு அங்கே 35 மில்லிகிராம். பக்கவாதத்தில் கிலோவுக்கு 0.4 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த நார்வே ஆய்வு, மூளை ரத்தக்கசிவு கூடியதால் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. நாங்கள் கொடுப்பது கிலோவுக்கு 0.25 மில்லிகிராம், உச்ச அளவு 25 மில்லிகிராம். ஆகவே பக்கவாத அளவு அட்டவணையை மருந்துப் பெட்டியின் மூடியிலேயே ஒட்டியிருக்கிறோம். ஊசியில் மருந்தை ஏற்றுபவர் எடையையும் அளவையும் உரக்கச் சொல்ல, மற்றொருவர் சரிபார்த்த பிறகே அது நோயாளியின் கைக்குப் போகிறது.