மாண்டவி ஆற்றுச் சூதாட்டக் கப்பலில் ஒரு ராத்திரி

கோவாவுக்கு டிக்கெட் போட்டவுடன் சொந்தக்காரர்கள் என்னைக் கூப்பிட்டு, "அந்த கேசினோ கப்பலுக்குப் போனீங்களாமே, போலாங்களா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி முடியவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன். 2025 டிசம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் ஏழு மணியிலிருந்து நள்ளிரவு ஒன்றரை மணி வரை அங்கே இருந்தேன். கப்பலின் பெயர் வேண்டாம்.

நாங்கள் ஏழு பேர். நான், வீட்டுக்காரர், கொழுந்தனார், அவர் சம்சாரம், வீட்டுக்காரரோடு படித்தவர்கள் மூன்று பேர். எல்லாரும் திருப்பூர். நான் ஒரு பனியன் கம்பெனியில் பதினாறு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன், அதனால் இதில் கணக்கு கொஞ்சம் கூடுதலாகவே இருக்கும்.

பஞ்சிம் துறையில் டிக்கெட். தலைக்கு 3,500 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் கேசினோவுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம் என்பதால் முந்தைய வருஷம் போனவர்கள் சொன்ன விலையை நம்பிப் போகாதீர்கள். விளையாடும் இடத்துக்குள் போக 21 வயது ஆகியிருக்க வேண்டும், ஆதார் கேட்டார்கள். ஆண்கள் அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் போட்டு வந்தால் விடமாட்டார்கள். எங்களோடு வந்தவர் ஒருவர் துறைக்கு எதிரிலேயே பேன்ட் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். அடையாள அட்டையை அவ்வளவு உற்றுப் பார்ப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கோவாவில் குடியிருப்பவர்கள் கேசினோவில் விளையாட 2020 பிப்ரவரி முதல் அந்த மாநில அரசே தடை போட்டிருக்கிறது. சொந்த ஜனங்களுக்கு வேண்டாம், வெளியூர்க்காரர்கள் மட்டும் வரலாம் என்கிற ஒரு பண்டத்தைத்தான் நாம் காசு கொடுத்து வாங்குகிறோம். வரிசையில் நிற்கும்போது இது எனக்கு உறைக்கவில்லை.

சின்னப் படகில் ஏற்றி ஐந்து நிமிஷத்தில் கப்பலில் விட்டார்கள். கப்பல் எங்கேயும் போகாது, நங்கூரம் போட்டு ஆற்றிலேயே நிற்கும். மேல்தளம் உண்மையிலேயே அழகு. ஒரு பக்கம் பஞ்சிம் ஊர் விளக்கு, இன்னொரு பக்கம் அடல் சேது பாலம் கம்பி கம்பியாக மின்னுகிறது. ஆற்றுக்காற்று. அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு மட்டும் தனியாகக் காசு கேட்டாலும் கொடுப்பேன்.

சாப்பாடு நன்றாக இருந்தது. தேங்காயும் புளிப்பும் சேர்ந்த கோவா மீன் குழம்பை வெறும் சோற்றில் ஊற்றி இரண்டு தடவை வாங்கினேன். கோழி பரவாயில்லை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு பனீரும் பருப்பும்தான், அதுவும் பத்து மணிக்கு மேல் ஆறிப்போய்விட்டது. மேடையில் ஹிந்திப் பாட்டு, நடனம். பிள்ளைகளுக்குத் தனி அறை வைத்திருக்கிறார்கள். பதினொன்றரை மணிக்கு அந்தப் பக்கம் போனபோது எட்டு வயது இருக்கும், ஒரு பையன், காலணியைக்கூடக் கழற்றாமல் மெத்தையில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். பார்த்துக்கொள்ளும் பெண்ணிடம் கேட்டேன். "ஏழு மணிக்கு விட்டுட்டுப் போனாங்க" என்று ஹிந்தியில் சொன்னாள். அதற்கப்புறம் எனக்குப் பாட்டுக் கேட்கப் பிடிக்கவில்லை.

இனி விளையாட்டு. 3,500 ரூபாயில் 1,500 ரூபாய்க்கு சிப்ஸ், அதாவது காசுக்குப் பதிலாக மேஜையில் வைக்கும் வில்லைகள், கொடுக்கிறார்கள். அதைக் காசாக மாற்ற முடியாது. ஒரு தடவை வைத்தால் ஜெயித்தாலும் தோற்றாலும் அந்த வில்லை போய்விடும், ஜெயித்த தொகைக்கு மட்டும் நிஜ சிப்ஸ் தருவார்கள். சுழலும் சக்கரத்தில் பந்து எந்தக் குழியில் விழும் என்று காசு வைக்கும் ஆட்டம் ரூலெட். நான் அதில் சிவப்புக்கு மூன்று தடவை 500 வைத்தேன். ஒன்று வந்தது. 500 ரூபாயை வாங்கிப் பர்ஸில் போட்டுக்கொண்டேன். பந்து சுற்றும் அந்த இருபது நொடி நெஞ்சு படபடத்தது உண்மை. நன்றாகத்தான் இருந்தது. அதைச் சந்தோஷம் இல்லையென்று சொன்னால் பொய்.

அந்தச் சக்கரத்தில் 37 குழி. சிவப்பு 18, கருப்பு 18, பச்சையில் ஒரு பூஜ்யம். சிவப்பு வந்தால் வைத்ததற்குச் சமமாகத் தருவார்கள், ஒரே எண்ணில் வைத்து வந்தால் 35 மடங்கு. எதில் வைத்தாலும் சராசரியாக 100 ரூபாய்க்கு 2 ரூபாய் 70 காசு கப்பலுக்கு. பஸ் டிக்கெட் கமிஷனைவிடக் குறைவாகத் தெரியும். ஆனால் அது ஒவ்வொரு சுற்றுக்கும். ஒரு மணி நேரத்தில் 40 சுற்று, சுற்றுக்கு 2,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், 80,000 ரூபாய் புரண்டிருக்கும், கையில் அவ்வளவு இல்லாவிட்டாலும். அதில் 2,160 ரூபாய் கழியும். கழிவது சராசரிதான், மேஜையில் நிற்கிற மனுஷனுக்குச் சராசரி வருவதில்லை, ஒரேயடியாக ஏறும், ஒரேயடியாக இறங்கும். ஏறும்போது யாரும் எழுந்திருப்பதில்லை. பக்கத்தில் பக்காரா என்கிற சீட்டாட்டத்தில் 'டை' (இரண்டு பக்கமும் சமம்) என்று ஒரு கட்டம், எட்டு மடங்கு தருவதாக எழுதியிருக்கும். அதில் கப்பலின் பங்கு 14 சதவீதத்துக்கு மேல். அதைத் தொடவே வேண்டாம்.

கொழுந்தனாரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கப்பலைப் பற்றிச் சொல்ல முடியாது. அவருக்கும் அவர் சம்சாரத்துக்கும் காட்டிவிட்டு, சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன்.

அவர் சின்னதாகச் செக்கிங், அயர்னிங் யூனிட் வைத்திருக்கிறார். பன்னிரண்டு பேருக்குச் சனிக்கிழமை சம்பளம். இரண்டு வருஷமாகப் போனில் ரம்மி. 2025 ஆகஸ்டில் காசு வைத்து விளையாடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்து மத்திய அரசு சட்டம் கொண்டுவந்ததும் அது நின்றது. வீட்டில் எல்லாரும் நிம்மதியாக மூச்சு விட்டோம். கோவா போகலாம் என்று முதலில் சொன்னது அவர்தான் என்பதை அப்போது யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

அந்த 1,500 ரூபாய் வில்லைகளில் அவர் அரை மணி நேரத்தில் 11,000 ரூபாய் பார்த்தார். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலில் நானும் இருந்தேன். கவுன்ட்டரில் 20,000 கட்டி இன்னும் சிப்ஸ் வாங்கினார். ஆக 31,000.

ரூலெட் மேஜைக்கு மேலே ஒரு பலகை ஒளிரும். கடைசியாக வந்த எண்கள் வரிசையாக, நிறத்தோடு. ஏழு தடவை தொடர்ந்து கருப்பு. "அண்ணி, இனி சிவப்பு வந்தே ஆகணும்" என்றார். 1,000 வைத்தார், கருப்பு. 2,000 வைத்தார், கருப்பு. 4,000, கருப்பு. 8,000 வைத்தபோது பூஜ்யம். மீதி 16,000 இருந்தது, மொத்தத்தையும் வைத்தார். கருப்பு. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

சக்கரத்துக்கு நேற்று வந்ததும் ஞாபகம் இல்லை, முந்தின சுற்றில் வந்ததும் ஞாபகம் இல்லை. 1913 ஆகஸ்ட் 18 அன்று ஐரோப்பாவில் மான்டே கார்லோ கேசினோவின் ரூலெட்டில் 26 தடவை தொடர்ந்து கருப்பு விழுந்தது. 'இனி சிவப்புதான்' என்று வைத்து வைத்து அன்றைக்கு ஆட்கள் லட்சக்கணக்கில் இழந்தார்கள். நூறு வருஷத்துக்கு மேலாகத் தெரிந்த விஷயம் இது. இருந்தும் அந்தப் பலகையை மேஜைக்கு மேல் மாட்டியிருக்கிறார்கள் என்றால், அதனால் விளையாடுகிறவருக்கு ஒரு பைசா உபயோகம் கிடையாது, வைக்கத் தூண்டுவது ஒன்றுதான் அதன் வேலை. இந்தக் கப்பலில் எனக்குப் பெரிய குறை இதுதான். உள்ளே ஒரு கடிகாரம் இல்லாததும், கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாததும் அதே கணக்கில்தான் சேரும்.

அதற்குப் பிறகு கார்டைத் தேய்த்து 30,000. அது சனிக்கிழமைச் சம்பளப் பணம். பிறகு நண்பர் ஒருவரிடம் 25,000 ஜிபேயில் வாங்கினார். "தம்பி, போதும் வாங்க, சாப்பிடலாம்" என்று நான் மூன்று முறை கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்துத்தான் "இதோ வர்றேன் அண்ணி" என்றார், ஆனால் நான் நிற்பதே அவருக்குத் தெரியவில்லை. அந்தப் பார்வை எனக்குப் புதுசு இல்லை.

எங்கப்பா சென்னிமலையில் தறி ஓட்டினார். வாரக்கூலி வாங்கி ஈரோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் முதலில் லாட்டரிக் கடை. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று 1968ல் அரசாங்கமே பரிசுச் சீட்டு விற்ற காலத்தில் ஆரம்பித்த பழக்கம். நான் படிக்கிற காலத்தில் அது பல மாநிலத்துச் சீட்டு, ஒரு நாளைக்கே நாலைந்து குலுக்கல் என்று பெருகிவிட்டது. குலுக்கல் முடிவுத் தாளை வைத்து எண் ஒத்துப் பார்ப்பது என் வேலை. ஒரே ஒரு எண் தள்ளிப் போயிருந்தால் அப்பா அன்றைக்குக் கூடுதலாக இரண்டு சீட்டு வாங்குவார், கிட்ட வந்துவிட்டோம் என்று. 2003 ஜனவரியில் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தபோது எங்கம்மா மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தாள். அப்பாவுக்கு ஒரு மாதம் சோறு இறங்கவில்லை, ராத்திரி தூங்காமல் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். அதை நாங்கள் கோபம் என்று நினைத்தோம். நோய் என்று சொல்ல அன்றைக்கு ஒருவரும் இல்லை.

கோவாவிலிருந்து வந்த நாலாம் நாள், கொழுந்தனார் சம்சாரம் 14416க்குப் போன் போட்டாள். டெலி மானஸ், அரசாங்கத்தின் இலவச மனநல உதவி எண், எந்நேரமும் எடுக்கிறார்கள், தமிழிலேயே பேசுகிறார்கள். முதலில் அவள் பேசினாள், பிறகு அவர் இருபது நிமிஷம் பேசினார். மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு வழி சொன்னார்கள். அங்கே டாக்டர் சொன்னதை நான் குறித்து வைத்திருக்கிறேன். நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அது முன்னால் வந்து நிற்பது, கெடுதல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் தொடர்வது. இந்த மூன்றும் இருந்தால் குடி நோயைப் போல இதற்கும் வைத்தியம் உண்டு, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது என்றார். எவ்வளவு தோற்றார் என்று அவர் கேட்கவே இல்லை. எத்தனை பேரிடம் மறைத்தார் என்றுதான் கேட்டார்.

ஆகவே போகலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஆளைப் பொறுத்தது. அவர்கள் கொடுக்கும் 1,500 ரூபாய் வில்லையோடு நிறுத்தி, மீன் குழம்பு சாப்பிட்டு, மேல்தளத்தில் காற்று வாங்கிவிட்டுப் பத்து மணிப் படகில் திரும்பிவிடுகிறவர் என்றால் தாராளமாகப் போங்கள். ஏடிஎம் கார்டையும் ஜிபே உள்ள போனையும் அறையிலேயே வைத்துவிட்டு, டாக்ஸிக்கு மட்டும் ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். உங்கள் கூட்டத்தில் ரம்மி, லாட்டரி, மேட்ச் பந்தயம் என்று ஏற்கெனவே கை நனைத்தவர், கடன் வாங்கியவர், தோற்றதைச் சொல்லாமல் மறைத்தவர் ஒருவர் இருந்தாலும் அந்தக் கப்பலைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். அவரை மட்டும் ஓட்டலில் விட்டுவிட்டு மற்றவர்கள் போவதும் வேண்டாம். அதே ஆற்றில் சாதாரணப் படகு சாயங்காலம் ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டுகிறது, அதில் எல்லாரும் ஏறலாம்.

மதிப்பெண் போடச் சொன்னால் மேல்தளத்துக்கு ஐந்து, மீன் குழம்புக்கு நான்கு, சைவச் சாப்பாட்டுக்கு இரண்டு. துறையில் டிக்கெட் கொடுத்த பையன் பொறுமையாகப் பேசினான், அவனுக்கும் ஐந்து. கீழ்த்தளத்துக்கு ஒன்றும் போட எனக்கு மனசு வரவில்லை.

சனிக்கிழமைச் சம்பளத்தை என் வளையலை அடகு வைத்துக் கொடுத்தோம். கொழுந்தனார் மாதம் 6,000 வீதம் திருப்பிக் கொடுக்கிறார், இதுவரை மூன்று தவணை வந்திருக்கிறது. அவர் பேங்க் கணக்குக்கு வரும் ஓடிபி இப்போது அவர் சம்சாரத்தின் போனுக்குத்தான் வருகிறது. அப்படி மாற்றச் சொல்லி பேங்கில் மனு எழுதிக் கொடுத்தது அவரேதான்.