தண்ணீர் குடித்த வண்டி: முதல் கார் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

எங்கள் குடும்பத்தின் முதல் கார் எங்களிடம் 5 மாதம் இருந்தது. அதில் 7 வாரம்தான் ஓடியது. எங்கள் பெயரில் ஒரு நாள்கூட இருந்ததில்லை. 2024 ஜூலையில் திருச்சிப் புறவழிச்சாலை ஓரமாக, பழைய கார்களை வாங்கி விற்கும் ஒரு கன்சல்டிங் கடையில் அதை வாங்கினோம். கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினாலும் பயனில்லை, பலகையை மாற்றிவிட்டார்கள். ஆனால் அவர்கள் எங்களை ஏமாற்றிய முறை பலகையோடு மாறக்கூடியதன்று என்பதால் அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

என் தந்தை 33 ஆண்டுகள் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். வீட்டு வாசலில் சொந்தமாக ஒரு கார் நிற்க வேண்டும் என்பது அவர் வாய்விட்டுச் சொல்லாத ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி வந்த பிறகு அந்த ஆசைக்கு ஒரு காரணமும் கிடைத்தது. அப்பாவின் ஓய்வூதியப் பணத்தில் கொஞ்சம், என் சேமிப்பில் கொஞ்சம், அம்மாவின் நகைகளை அடகு வைத்ததில் கொஞ்சம் என 4 லட்சம் ரூபாய் சேர்த்தோம். ஆடி பிறப்பதற்குள் வண்டியை எடுத்துவிட வேண்டும் என்பதில் அம்மா உறுதியாக இருந்தார். இந்த அவசரத்தை நாங்களே கடைக்காரரிடம் சொல்லியும் விட்டோம்.

அவர் காட்டியது 2018-ஆம் ஆண்டு வெள்ளை வேகன் ஆர். பெட்ரோல் வண்டி, சென்னை மீனம்பாக்கம் பதிவு, அதாவது டி.என். 22. மீட்டரில் 41,000 கிலோமீட்டர் காட்டியது. ஒரே ஓனர், ஓய்வுபெற்ற பேராசிரியர், கோயிலுக்கும் காய்கறிக் கடைக்கும் மட்டுமே ஓட்டினார் என்றார்கள். பழைய கார் விற்கும் கடைகளில் எல்லா வண்டிகளையும் மருத்துவர்களும் பேராசிரியர்களும் வங்கி மேலாளர்களும்தான் ஓட்டியிருக்கிறார்கள். டிராவல்ஸுக்கு ஓடிய வண்டி என்று ஒன்றை எந்தக் கடையிலும் எனக்குக் காட்டியதில்லை.

வண்டியைப் பரிசோதிக்க மெக்கானிக் வேண்டுமென்று கேட்டேன். கடைக்காரர் உடனே தொலைபேசியில் ஒருவரை அழைத்தார். வந்தவர் பேனட்டைத் திறந்தார், இன்ஜினை ஓடவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார், “தங்கமான இன்ஜின் சார்” என்று சொல்லி என்னிடமே 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். வண்டிக்குள் புது சீட் கவர், தரை முழுவதும் ஒட்டிப் போட்ட புது வினைல் விரிப்பு, மூக்கை அடைக்கும் மல்லிகை வாசனை. ஆறு வயது வண்டியின் தரையை ஏன் இவ்வளவு அழுத்தமாக மூடியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பா முன்னிருக்கையில் உட்கார்ந்து கதவை ஒருமுறை சாத்தித் திறந்து, மறுபடி சாத்தினார். அந்த முகத்தைப் பார்த்தபின் நான் எதையும் சோதிக்கவில்லை. கடைக்காரரும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

3,90,000 சொன்ன விலை 3,75,000-க்கு முடிந்தது. 2,50,000 ரூபாயை வங்கி வழியாக அனுப்பினேன். மீதி 1,25,000 ரூபாயை ரொக்கமாகத் தரும்படி கேட்டார்கள், கொடுத்தேன். அதற்குப் பதிலாக என் கையில் தரப்பட்டது ஒரு டெலிவரி நோட். அதில் விலையே இல்லை. “வண்டியை நேரில் பார்த்து, ஓட்டிப் பார்த்து, திருப்தியுடன் உள்ளது உள்ளபடியே எடுத்துக்கொண்டேன்” என்ற வாசகத்தின் கீழ் நாளும் நேரமும் எழுதி என் கையொப்பத்தை வாங்கிக்கொண்டார்கள். ஆர்.சி.யில் பழைய உரிமையாளரின் வங்கிக் கடன் பதிவு நீக்கப்படாமல் இருப்பதாகவும், வங்கியின் தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வந்ததும் கடன் பதிவை நீக்கி ஒரே மாதத்தில் பெயர் மாற்றித் தருவதாகவும் சொன்னார்கள். உரிமையாளர் கையொப்பமிட்ட 29, 30 ஆகிய படிவங்களைக் காட்டினார்கள். வாங்குபவர் பெயரும் தேதியும் எழுதப்படாமல் வெறுமையாக இருந்தன. வேலை எளிதாக முடியும் என்பதற்கு அதையே அடையாளமாக எடுத்துக்கொண்டேன்.

ஆனி மாதக் கடைசி வெள்ளியன்று வயலூர் முருகன் கோயிலில் பூசை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அம்மா சமயபுரத்து அம்மன் படம் ஒன்றை டாஷ்போர்டின் இடது மூலையில் சற்றுச் சாய்வாக ஒட்டினார். வண்டிக்குள் யாரும் எதுவும் சாப்பிடக் கூடாது என்று அப்பா சட்டம் போட்டார். முக்கொம்புக்கும் கல்லணைக்கும் போய் வந்தோம். அந்த மூன்று வாரங்களின் மகிழ்ச்சி பொய்யென்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை.

நான்காவது வாரம் முதல் கோளாறுகள் தொடங்கின. இடது கண்ணாடி இறங்கினால் ஏறவில்லை. ஒரு மழை இரவில் நிறுத்தி வைத்திருந்த வண்டியின் ஹாரன் தானாக அலறி, தெருவே எழுந்துகொண்டது. ஸ்டீயரிங் எச்சரிக்கை விளக்கு எரிவதும் அணைவதுமாக இருந்தது. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோளாறு என்று நினைத்துத் தனித்தனியாகப் பழுது பார்த்தேன். இப்படி 31,400 ரூபாய் போனது. ஆகஸ்டு இறுதியில், மதுரையில் மாமா வீட்டிலிருந்து திரும்பும் வழியில், துவரங்குறிச்சி அருகே நான்குவழிச் சாலையில் இரவு ஒன்பது மணிக்கு இன்ஜின் நின்றுவிட்டது. முகப்பு விளக்கும் சேர்ந்து அணைந்தது. பின்னால் லாரிகள் வந்துகொண்டிருக்க, முழங்கால் வலியோடு அம்மா சாலையோரத் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இழுவை வண்டியில் ஏற்றி அரியமங்கலத்தில் ஒரு பட்டறைக்குக் கொண்டு சேர்த்தோம். அங்கிருந்த பெரியவர் பேனட்டைத் திறக்கவே இல்லை. ஓட்டுநர் சீட் பெல்ட்டைப் பிடித்து, சுருளின் கடைசி வரை நிதானமாக வெளியே இழுத்தார். நாம் அன்றாடம் இழுக்கும் நீளத்துக்கு அப்பால் பட்டையில் ஒரு மண்கோடு இருந்தது. பிறகு வினைல் விரிப்பின் ஓரத்தைக் கத்தியால் நெம்பித் தூக்கினார். அடியில் இருந்த பஞ்சு இன்னும் நமுத்துப்போயிருந்தது, விரலால் தொட்டால் வண்டல் ஒட்டியது. இருக்கைக்குக் கீழே தண்டவாளம் போன்ற இரும்புப் பட்டைகள் துருப்பிடித்திருந்தன. ஸ்பேர் டயர் வைக்கும் குழியின் மூலையில் காய்ந்த சேறு. “வண்டி தண்ணி குடிச்சிருக்கு தம்பி, இந்தச் சீட்டு உயரத்துக்கு” என்றார். இவ்வளவையும் பார்க்க அவருக்குப் பத்து நிமிடம் பிடித்தது. வாங்கும் முன் அவரை அழைத்துப் போயிருந்தால் கூலியாக 500 அல்லது 1,000 ரூபாய் கேட்டிருப்பார்.

வெள்ளத்தில் நின்ற வண்டி உடனே படுத்துவிடாது. அங்கேதான் ஏமாற்று வேலைக்கு இடம் கிடைக்கிறது. ஓடும்போது இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் கனெக்டிங் ராடு வளைந்து அன்றைக்கே கதை முடிந்துவிடும். ஆனால், நிறுத்தி வைத்திருந்தபோது மூழ்கிய வண்டியின் இன்ஜின் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஆயிலை மாற்றி, காயவைத்து, கழுவி மெருகேற்றினால் ஓட்டிப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது. வயர்களின் இணைப்புகளில் புகுந்த ஈரம் மட்டும் உள்ளேயே இருந்து வேலை செய்யும். பெரியவர் ஒரு இணைப்பைக் கழற்றிக் காட்டினார். கவனிப்பாரில்லாத செம்புக் குடத்தைப் போல உள்ளிருந்த பின்களில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. ஹாரனும் கண்ணாடியும் ஸ்டீயரிங்கும் ஒன்றன்பின் ஒன்றாகக் கெட்டதற்குக் காரணம் அதுதான்.

தாம்பரத்தில் இருக்கும் என் சித்தப்பா மகன், ஆர்.சி.யில் இருந்த முகவரிக்கு நேரில் போனான். அங்கிருந்தவர் பேராசிரியர் அல்லர், மரக்கடை வைத்திருந்தவர். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் தென் சென்னை மூழ்கியபோது அவர் வண்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றிருக்கிறது. பழுது பார்க்கும் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை முழு இழப்பு என்று கணக்கிடுவது வழக்கம். அப்படியே கணக்கிட்டு அவருக்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். வண்டியை ஒரு வியாபாரி ஏலத்தில் எடுத்துக்கொண்டு, வெற்றுப் படிவங்களில் இவரிடம் கையொப்பம் வாங்கிப் போயிருக்கிறார். அந்த வண்டி நொறுக்கப்பட்டிருக்கும் என்றே அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

இதைக் கேட்டபோதுதான் வேறொரு பயம் வந்தது. எனக்குக் கொடுத்த காப்பீட்டு நகலில் 2024 அக்டோபர் வரை செல்லும் என்று இருந்தது. முழு இழப்புக்குப் பணம் கொடுத்ததோடு அந்த பாலிசி முடிந்துவிட்டது என்பதைக் காப்பீட்டு நிறுவனத்தை அழைத்துக் கேட்ட பிறகே அறிந்தேன். அதாவது, 7 வாரம் நான் காப்பீடு இல்லாத வண்டியை ஓட்டியிருக்கிறேன். பிடிபட்டிருந்தால் முதல் முறைக்கு 2,000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதைவிட மோசம், யார் மீதாவது மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது. பதிவுச் சான்றில் யார் பெயர் இருக்கிறதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. வண்டி பல கை மாறியிருந்தாலும் இழப்பீட்டுப் பொறுப்பு அவரையே சேரும். நான் செய்யும் விபத்துக்குச் சென்னையில் ஒரு பெரியவர் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்திருக்கும். வண்டியை விற்பவர்களும் இதை நினைவில் வைத்துக்கொண்டு, வெற்றுப் படிவத்தில் கையொப்பமிட்டுக் கொடுக்காமல் இருப்பது நல்லது. விற்றவர் 14 நாளுக்குள்ளும் வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு உரிமை மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு. என் 30 நாள் ‘என்.ஓ.சி. வந்துகொண்டே இருக்கிறது சார்’ என்பதிலேயே கழிந்துபோனது.

மீட்டர் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். காரைத் தயாரித்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஆர்.சி.யைக் காட்டி விவரம் கேட்டேன். 2022 டிசம்பரிலேயே வண்டி 78,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது பதிவில் இருந்தது. டிஜிட்டல் மீட்டரைக் குறைக்க முடியாது என்று நான் நினைத்திருந்தேன். கருவி கையில் இருந்தால் அது சில நிமிட வேலை என்று பட்டறைப் பெரியவர் சிரித்தார். மீட்டரைக் குறைத்தவர்கள் பிரேக், கிளட்ச் மிதிகளின் ரப்பரையும் புதிதாக மாற்றியிருந்தார்கள். ஸ்டீயரிங் வளையத்தின் தேய்மானத்தை மட்டும் ஓர் உறை போட்டு மறைத்திருந்தார்கள்.

2023 ஏப்ரல் 1 முதல், பதிவான வண்டிகளை வாங்கி விற்கும் கடைக்காரர்கள் போக்குவரத்து அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்று மத்திய விதி வந்திருக்கிறது. உரிமையாளர் வண்டியைக் கடையில் ஒப்படைத்ததையும் அந்த அலுவலகத்துக்கு இணையவழியில் தெரிவிக்க வேண்டும். இந்தக் கடைக்கு அப்படிப்பட்ட சான்று இல்லை. நான் முன்பே கேட்டிருந்தால் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும்.

கடைக்காரர் முதலில் டெலிவரி நோட்டை எடுத்து நீட்டி, ‘உள்ளது உள்ளபடி’ என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டினார். இரண்டாம் முறை போனபோது 1,50,000 ரூபாய்க்கு வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னார், பெரிய மனசு பண்ணுகிற தோரணையில். வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்பி, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் புகார் செய்துவிட வேண்டும். சர்வீஸ் பதிவும், பட்டறையில் எடுத்த படங்களும், வங்கிப் பரிமாற்றமும் என்னிடம் இருந்தன. ரொக்கமாகக் கொடுத்த 1,25,000 ரூபாய்க்கு மட்டும் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. எதிர்த்தரப்பும் அதைத் தெரிந்துகொண்டே பேசியது. டிசம்பரில் சமரசத்துக்கு வந்து 2,60,000 ரூபாயைத் தந்து வண்டியை எடுத்துக்கொண்டார்கள். விலையில் 1,15,000, பழுதுச் செலவில் 31,400 என மொத்தம் 1,46,400 ரூபாய் எங்களுக்கு நஷ்டம். வழக்கறிஞர் கட்டணம் தனி. நகையை மீட்க மேலும் ஓராண்டு ஆனது.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தது சரியா என்ற உறுத்தல் அப்போதே இருந்தது. அடுத்த மார்ச்சில் ஓர் இணைய விளம்பரத்தைப் பார்த்தபோது அது பெரிதானது. நாமக்கல் பக்கம் ஒரு கடை, 2018 வெள்ளை வேகன் ஆர், எண் தகடு மறைக்கப்பட்டிருந்தது. டாஷ்போர்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது மூலையில், படம் ஒன்றை உரித்தெடுத்த பசைத் தடம் சற்றுச் சாய்வாக இருந்தது. அந்த எண்ணுக்கு அழைத்து, வண்டி தண்ணீரில் நின்றதா என்று கேட்டேன்.

“அதெல்லாம் கிடையாது சார். சிங்கிள் ஓனர், ரிட்டயர்டு புரொஃபசர் வெச்சிருந்த வண்டி. வெறும் 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு.”