‘உங்களுக்காகவே வடிவமைத்த’ ஆன்லைன் கவுன்சலிங்: பேக்கேஜ் வாங்கும் முன் படியுங்கள்

‘உங்களுக்கென்றே தனித் திட்டம்’ என்று விளம்பரம் செய்து, 12 அமர்வுகளுக்கும் மொத்தமாகப் பணம் வாங்கிக்கொண்டு, வந்தவர் எல்லோருக்கும் ஒரே பயிற்சித்தாளை அனுப்பிவைக்கும் கவுன்சலிங் சேவைகள் இருக்கின்றன. இதில் ஏமாந்தவர்கள் பலர் வெளியே சொல்வதில்லை. ‘எனக்குத்தான் சிகிச்சை பலிக்கவில்லை’ என்று தங்களையே நொந்துகொள்கிறார்கள். பணம் போனதைவிட இதுதான் பெரிய கேடு.

ஏமாற்று பெரும்பாலும் வினாத்தாளில் தொடங்குகிறது. மனச்சோர்வை அளக்க பிஎச்க்யூ-9 (PHQ-9), பதற்றத்தை அளக்க ஜிஏடி-7 (GAD-7) என்ற வினாத்தாள்கள். இரண்டும் யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடியவை; கடந்த இரண்டு வாரங்களைப் பற்றி மட்டுமே கேட்பவை. முதலாவதன் உச்ச மதிப்பெண் 27, அடுத்ததற்கு 21. தீவிரம் எவ்வளவு என்று இவை காட்டும். காரணம் என்ன என்று சொல்லாது. கேள்விகளை முடித்த உடனே ‘உங்கள் திட்டம் தயார்’ என்று திரையில் வந்தால், உங்கள் பதில்களை ஆலோசகர் யாரும் இன்னும் படிக்கவில்லை என்று பொருள்.

இருவருக்கு ஜிஏடி-7 மதிப்பெண் 14 என்று வையுங்கள். ஒருவருக்குத் திடீரென நெஞ்சு படபடத்து, செத்துவிடுவோமோ என்ற பீதி வருகிறது. மற்றவருக்கு நாள் முழுக்க ஓயாத கவலை. இருவருக்கும் ஒரே மூச்சுப் பயிற்சி ஆடியோதான் போகிறது. பீதி உள்ளவருக்கு, முதலில் இதயமும் தைராய்டும் மருத்துவர் பார்த்திருக்க வேண்டும். பிறகு ஆலோசகரின் துணையோடு, ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடி அந்தப் படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்து, அது தானாக அடங்குவதைப் பார்க்கப் பழக்குவார்கள். மூச்சுப் பயிற்சியையே ஊன்றுகோலாகப் பிடித்துக்கொண்டால், ‘அது இல்லாவிட்டால் ஆபத்து’ என்ற நம்பிக்கைதான் வலுக்கும். தூக்கமின்மைக்குப் படுக்கை நேரத்தைக் குறைக்கும் முறை நன்றாக வேலை செய்யும். ஆனால் இருமுனைக் கோளாறு (மனநிலை அதீத உற்சாகத்துக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய்) உள்ளவருக்கு அதுவே மிகையெழுச்சியை, அதாவது அந்த அதீத உற்சாக நிலையை, தூண்டிவிடலாம். அதைக் கேட்காமல் அந்தத் தாளை அனுப்புவது அலட்சியம்.

முதல் அமர்வில் கேட்டே தீர வேண்டியவை சில உண்டு: இப்போது எடுக்கும் மருந்துகள், மது, முன்பு பெற்ற சிகிச்சை, தற்கொலை எண்ணம். இணையவழி என்பதால், இந்த நிமிடம் எந்த முகவரியில் இருக்கிறீர்கள், அவசரத்துக்கு யாரை அழைப்பது, அழைப்பு துண்டித்தால் மாற்று வழி என்ன என்பதும் சேர வேண்டும். பிஎச்க்யூ-9-இன் ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் நல்லது அல்லது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதற்கு 0 தவிர வேறு எதைக் குறித்திருந்தாலும் அன்றே ஒருவர் பேசியாக வேண்டும். தானியங்கி நன்றிச் செய்தி மட்டும் வந்தால் அந்த இடத்தை நம்பாதீர்கள்.

அடுத்த சுருட்டல் நேரத்தில். 50 நிமிடம் என்று சொன்னது 30 ஆகும். ஆலோசகர் மாறுவார், புதியவரிடம் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கும்.

தகவலும் கசியலாம். உடல்நலத் தரவை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்ததாக பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் கவுன்சலிங் நிறுவனத்தின் மீது அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் தொடுத்த வழக்கு, 2023-இல் 78 லட்சம் டாலர் செலுத்தும் உத்தரவில் முடிந்தது.

பணம் கட்டுமுன் ஆலோசகரின் பெயர், தகுதி, பதிவு எண் கேட்டு, பதிவு தரும் அமைப்பிடமே சரிபாருங்கள். ஒற்றை அமர்வுக்கு மட்டும் கட்டுங்கள். பயிற்சி கொடுத்தால், ‘இது எனக்கு ஏன்?’ என்று கேளுங்கள். நீங்கள் சொன்ன ஏதாவது ஒன்றைச் சுட்டிப் பதில் வர வேண்டும். நான்கு முதல் ஆறு அமர்வுக்குள் அதே வினாத்தாளை மறுபடி தந்து பார்க்க வேண்டும். பிஎச்க்யூ-9-இல் 5 புள்ளி இறங்கினால் அது உண்மையான முன்னேற்றம். அசையவே இல்லையென்றால் திட்டம் மாற வேண்டும்.

ஏற்கெனவே சிக்கியிருந்தால் தானியங்கிப் புதுப்பிப்பை முதலில் நிறுத்துங்கள். நடக்காத அமர்வுகளுக்குப் பணத்தையும், உங்கள் அமர்வுக் குறிப்புகளின் நகலையும் எழுத்தில் கேளுங்கள்; அடுத்த ஆலோசகருக்கு அவை உதவும். மனநல மாத்திரை எடுப்பவர்கள் இந்தக் கோபத்தில் அதையும் சேர்த்து நிறுத்திவிடாதீர்கள். எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேட்ட பிறகே எந்த மாற்றமும்.