பாலை நிலத்தில் 10 ஏக்கர்: நோவா ப்யூரிஃபாயின் திறந்தவெளிச் சிற்பங்கள்

லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பயணம் செய்து, 62ஆம் எண் நெடுஞ்சாலையை விட்டு வடக்கே திரும்பிச் சிறிது தூரம் போனால், தார்ச்சாலை முடிந்து மண்சாலை தொடங்குகிறது. முட்புதர்களையும் ஒன்றுக்கொன்று எட்டாத தொலைவில் நிற்கும் சில வீடுகளையும் தவிர அங்கே கண்ணில் படுவதற்கு எதுவும் இல்லை. வழி தவறிவிட்டோமோ என்று ஐயுறும் வேளையில், தகரமும் மரமும் டயரும் பீங்கானுமாக ஒரு சிற்றூரைப் போன்ற கூட்டம் மணல்வெளியில் எழுந்து நிற்கிறது. நோவா ப்யூரிஃபாய் என்ற ஆப்பிரிக்க அமெரிக்கக் கலைஞர் 1989 முதல் 2004இல் இறக்கும் வரை, பிறர் தூக்கி எறிந்த பொருள்களைக் கொண்டே 10 ஏக்கர் நிலத்தில் உருவாக்கிய திறந்தவெளிக் கலைக்கூடம் இது. கலிஃபோர்னியாவின் தென்பகுதிக்கு வருகிற நண்பர்கள் என்ன பார்க்கலாம் என்று கேட்டால், புகழ்பெற்ற பல அருங்காட்சியகங்களுக்கு முன்பாக நான் சொல்லும் பெயர் இதுதான்.

நுழைவுக் கட்டணம் கிடையாது. சூரிய உதயம் முதல் மறைவு வரை எந்த நாளும் உள்ளே போகலாம். நுழைவிடத்தில் வைத்திருக்கும் கையேட்டில் வரைபடமும் படைப்புகளின் பெயர்களும் உள்ளன. முதல் சுற்றில் அதைப் பிரித்துப் பார்க்காமல் நடப்பதே நல்லது என்பது என் அனுபவம். பெயரைப் படித்துவிட்டால் கண் அந்தப் பெயருக்குப் பொருத்தமானதை மட்டும் தேடத் தொடங்கிவிடுகிறது. பெயரறியாமல் நெருங்கும்போது, இது எதனால் ஆனது, அந்தப் பொருள் முன்பு யாருடைய வீட்டில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்ற கேள்விகள்தான் முதலில் எழுகின்றன. அந்தக் கேள்விகளிலிருந்துதான் ப்யூரிஃபாயும் தொடங்கியிருக்க வேண்டும்.

அவர் 1917இல் அலபாமா மாநிலத்தின் ஸ்னோ ஹில் என்ற ஊரில் பிறந்தவர். கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே குழாயில் நீர் அருந்தக்கூடாது என்று சட்டமே இருந்த நிலப்பகுதி அது. இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் கட்டுமானப் பிரிவில் பணியாற்றிவிட்டு, 1948இல் அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் பெற்றார். அதன் பின்னரே லாஸ் ஏஞ்சலிஸின் ஷூனார்ட் கலைக் கல்லூரியில் முழுநேர மாணவராகச் சேர்ந்த முதல் கறுப்பினத்தவர் ஆனார். 1956இல் கலைப் பட்டம் பெற்றபோது அவருக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. இந்த வரிசையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மனிதர்களின் இடர்ப்பாடுகளோடு பழகிய சமூகப் பணியாளர் ஒருவர் பிறகு சிற்பி ஆனார் என்பதை மனத்தில் கொண்டு பார்த்தால், இங்குள்ள பல கட்டுமானங்கள் ஏன் மனிதர் குடியிருக்கும், வழிபடும், கூடும் இடங்களின் வடிவத்தில் இருக்கின்றன என்பது விளங்கும்.

அவருடைய கலையின் திருப்புமுனை பாலைவனத்தில் அன்று, லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் என்ற நகர்ப்பகுதியில் நிகழ்ந்தது. அங்கே சைமன் ரோடியா என்ற இத்தாலியக் குடியேறி 1921 முதல் 1954 வரை, இரும்புக் கம்பியும் சிமென்டும் உடைந்த ஓடுகளும் கண்ணாடித் துண்டுகளும் கொண்டு தன் கையாலேயே எழுப்பிய கோபுரங்கள் இன்றும் நிற்கின்றன. அவற்றில் உயரமானது ஏறத்தாழ 30 மீட்டர். அந்தக் கோபுரங்களின் அருகே தொடங்கப்பட்ட வாட்ஸ் டவர்ஸ் கலை மையத்தின் நிறுவன இயக்குநராக ப்யூரிஃபாய் இருந்தபோதுதான், 1965 ஆகஸ்டில் அப்பகுதியில் கறுப்பின மக்களின் கிளர்ச்சி வெடித்தது. ஆறு நாள்களில் 34 பேர் உயிரிழந்தனர். கடைகளும் கட்டடங்களும் எரிந்தன. ப்யூரிஃபாயும் அவருடைய தோழர் ஜட்சன் பவலும் அந்த இடிபாடுகளிலிருந்து ஏறத்தாழ 3 டன் பொருள்களைச் சேகரித்தனர். எரிந்த மரமும், உருகி உருமாறிய நியான் விளம்பரப் பலகைகளும், நெளிந்த உலோகமும் கலைஞர்கள் சிலரின் கையில் 66 படைப்புகளாக மாறி, 1966இல் ‘நியானின் 66 அடையாளங்கள்’ என்ற கண்காட்சியாக வாட்ஸிலேயே, ஒரு பள்ளிக்கூடத்தில் வைக்கப்பட்டன. தங்கள் தெருவின் சாம்பலை அந்தத் தெருக்காரர்களே மீண்டும் கண்டார்கள். அழகு பார்ப்பதற்காக மட்டும் குப்பையைக் கையில் எடுக்கிற கலைஞர்கள் உலகெங்கும் உண்டு. எரிந்த பொருளுக்குள் எரிந்தவரின் கோபமும் இருக்கிறது என்று அறிந்து எடுத்தவர் என்பதனால், ப்யூரிஃபாயை அந்த வரிசையில் வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

1976 முதல் பதினோரு ஆண்டுகள் கலிஃபோர்னியா கலை மன்றத்தில் உறுப்பினராக இருந்து, சிறைகளுக்குள் கலையைக் கொண்டுசெல்லும் திட்டங்களில் ஈடுபட்ட அவர், தம் 72ஆம் வயதில் நகரத்தை விட்டு, இந்தச் சிற்பங்கள் இருக்கும் ஜோஷுவா ட்ரீ பகுதிக்கு வந்தார். நகரில் பெரிய பணியிடம் வைத்துக்கொள்ள அவருடைய ஓய்வூதியம் போதவில்லை. பாலைவனத்தில் ஒரு தோழியின் நிலம் கிடைத்தது. எழுபதைக் கடந்த ஒருவர் தம் வாழ்நாளின் மிகப் பெரிய வேலையைத் தொடங்கினார் என்பதை அந்த மணலில் நின்று நினைக்கும்போது, வெயிலின் கடுமையைப் பற்றிக் குறைசொல்ல நாக்கு எழவில்லை.

படைப்புகளுள் என்னை முதலில் நிறுத்தியது ‘ஷெல்ட்டர்’, அதாவது புகலிடம். வெளியிலிருந்து பார்த்தால் கிடைத்த பலகைகளையெல்லாம் சேர்த்து அடித்த ஒரு குடிசை. உள்ளே நுழைந்தால் பழந்துணி, மரச்சாமான், தட்டுமுட்டுச் சாமான் என்று யாரோ வாழ்ந்துவிட்டு இப்போதுதான் வெளியே போயிருக்கிறார்கள் என்று எண்ண வைக்கும் நெருக்கடியான அறைகள். பலகைகளின் இடுக்குகள் வழியே வெயில் கோடுகோடாக இறங்குகிறது. காற்று வீசும்போது எங்கோ ஒரு தகரம் அடித்துக்கொள்கிறது. இந்தச் சிற்பத்தை வெளியில் நின்று படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறவர்களைப் பார்த்தேன். அவர்கள் இதைப் பார்த்ததாகவே ஆகாது. உள்ளே போய், தலையைக் குனிந்து, தோளை ஒடுக்கி நடந்தால்தான், வீடற்றவர் தமக்கென்று அமைத்துக்கொள்ளும் இடம் எவ்வளவு சிறியது என்பதும், அந்தச் சிறிய இடத்தை அவர் எவ்வளவு கவனமாக அடுக்கி வைத்துக்கொள்கிறார் என்பதும் உடம்புக்குத் தெரியும்.

‘வைட்/கலர்ட்’ 2000இல் செய்யப்பட்டது. எனக்கு இந்த நிலம் முழுவதிலும் மிகச் சிறந்த படைப்பு அதுதான். வெள்ளையருக்கு என்று எழுதிய பக்கத்தில் குடிநீர்க் குழாய். நிறத்தாருக்கு, அதாவது கறுப்பினத்தவருக்கு, என்று எழுதிய பக்கத்தில் ஒரு கழிப்பறைப் பீங்கான். அவ்வளவுதான். வேறு அலங்காரம் இல்லை, விளக்கவுரை இல்லை. பொது இடங்களில் இனப் பிரிவினையைச் சட்டம் தடைசெய்தது 1964இல். அதன் பின் முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, எண்பதைத் தாண்டிய ஒருவர், அலபாமாவில் தாம் வளர்ந்த நாள்களின் குழாயை நடுப் பாலையில் கொண்டுவந்து வைக்கிறார். நீருக்கு ஏங்கும் நிலத்தில் அது நிற்பதால் அதன் வலி இரட்டிப்பாகிறது. மாநகர அருங்காட்சியகத்தின் குளிரூட்டிய அறையில் இந்த வலி இராது. தேநீர்க் கடைகளில் தனிக் குவளை வைத்த வரலாறு நமக்கும் உண்டு என்பதால், தமிழ் வாசகர் எவரும் இதன் முன் ஒரு வெளிநாட்டுப் பயணியாக மட்டும் நின்றுவிட முடியும் என்று நான் நினைக்கவில்லை. நான் அங்கே நெடுநேரம் நின்றேன்.

இவ்வளவு கனமானவை நடுவில் விளையாட்டுத்தனமும் உண்டு. ‘கர்பி எக்ஸ்பிரஸ்’ ஒரு ரயில் வண்டி. பழைய வாக்குவம் கிளீனர்களும் மிதிவண்டிச் சக்கரங்களும் சேர்ந்து தண்டவாளத்தின் மேல் எங்கோ புறப்படத் தயாராக நிற்கின்றன. ‘கரூசல்’ வண்ணம் பூசிய வட்டக் கட்டடம். குடைராட்டினத்தின் பெயரை வைத்துக்கொண்டு, உள்ளே காலாவதியான கணினிகளையும் மின்னணுக் கருவிகளையும் அடக்கி வைத்திருக்கிறது. காயலான் கடையில் பேரம் பேசி எடை போட்டு விற்கும் அதே சரக்குத்தான். ஆனால் எதை எதன் அருகில் வைத்தால் அது வேறொன்றாகத் தோன்றும் என்பதை அறிந்த கை தொட்டிருக்கிறது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஐரோப்பாவில் எழுந்து கலை மரபுகளைக் கேலி செய்த ‘தாதா’ என்ற கலை இயக்கத்தினரிடமிருந்தும், அன்றாடப் பொருள்களையே கலையாக முன்வைத்த பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் துஷாம்பிடமிருந்தும் பெற்ற பாடம் அது என்று கலை விமர்சகர்கள் சொல்வார்கள், அது உண்மையே. எனினும் துஷாம்ப் 1917இல் கண்காட்சிக்கு அனுப்பிய சிறுநீர்க் கழிப்புப் பீங்கான், கலை என்றால் என்ன என்று கேட்டது. ப்யூரிஃபாயின் பீங்கான் மனிதன் என்றால் யார் என்று கேட்கிறது.

2002ஆம் ஆண்டின் ‘அறுபத்தைந்து அலுமினியத் தட்டுகள்’ பெயர் சொல்வதைப் போலவே உணவகத் தட்டுகளின் வரிசை. நண்பகலில் கண்கூசும் வெறும் உலோகமாகத் தெரிந்தது. மாலையில் மீண்டும் அவ்வழியே வந்தபோது, வானத்தின் நிறத்தை அறுபத்தைந்து துண்டுகளாகப் பகிர்ந்து வைத்திருந்தது. எல்லாமே இந்தத் தரத்தில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரிக்குக் காணிக்கையாகச் செய்த வெண்ணிறப் படைப்பு எனக்கு ஒரு பயிற்சியைப் போலவே பட்டது. அதில் பொருளின் பழைய வாழ்க்கை மறைந்து வடிவம் மட்டுமே எஞ்சுகிறது. வேறு சில இடங்களில் பொருள்கள் குவிந்திருக்கின்றனவே தவிர, ஒன்றையொன்று தாங்கிப் பேசவில்லை.

இங்கே வருகிற ஒவ்வொருவரும் தமக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இவை சிதைந்துகொண்டிருக்கின்றன. வெயிலில் ஒட்டுப்பலகை அடுக்கு அடுக்காகப் பிரிகிறது, சாயம் வெளிறுகிறது, துணி நாராகிறது, காற்று மணலை அள்ளி அறைந்து விளிம்புகளைத் தேய்க்கிறது. இயற்கையும் தம்மோடு சேர்ந்து இந்த வேலையில் ஈடுபடட்டும் என்பதே ப்யூரிஃபாயின் எண்ணமாக இருந்தது. மாற்றமும் படைப்பின் ஒரு பகுதி என்றே அவர் கருதினார். ஆனால் கூரை விழுந்துவிட்டால் ‘ஷெல்ட்டர்’ ஒரு விறகுக் குவியல்தான். அவருடைய பெயரிலான அறக்கட்டளை இந்த இடத்தைப் பராமரித்துவருகிறது. சட்டகம் சாயாமல் முட்டுக் கொடுத்து நிறுத்துவதும், தளர்ந்த ஆணியை இறுக்குவதும் கட்டாயம் செய்ய வேண்டியவை. வெளிறிய சாயத்தைப் புதுப்பிப்பதும் கிழிந்த துணியை மாற்றுவதும் செய்யக்கூடாதவை என்பது என் துணிபு. எலும்பைக் காப்பாற்றலாம், தோலைப் பாலைவனத்திடம் விட்டுவிடலாம். கருங்கல்லில் செதுக்கியவற்றையே சிற்பம் என்று பழகிய நம் கண்களுக்கு இது எளிதில் ஏற்புடையதாக இராது. எனக்கும் முதல் ஒரு மணி நேரம் ஒவ்வொரு விரிசலும் உறுத்தத்தான் செய்தது.

2015இல் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டக் கலை அருங்காட்சியகம் ‘ஜங்க் தாதா’ என்ற பெரிய கண்காட்சியை நடத்தியபோது, இங்கிருந்து சில பெரும் சிற்பங்கள் நகரத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டுப் பின்னர் இங்கேயே திரும்பி வந்தன. அந்த அங்கீகாரம் அவர் இறந்து பதினோரு ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்தது. கலை உலகம் அவரை இன்னும் முன்பே தேடி வந்திருக்க வேண்டும் என்று நான் மனமார வருந்துகிறேன்.

செல்ல விரும்புவோர் சிலவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும். நிழல் என்பது ஏறத்தாழ இல்லை. கழிப்பறை வசதியையும் கடையையும் எதிர்பார்க்க வேண்டாம். கோடையில் வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் என்பதால், அக்டோபர் முதல் ஏப்ரல் வரையான மாதங்களே உகந்தவை. துருப்பிடித்த தகரமும் நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளும் எங்கும் உண்டு. குழந்தைகளைக் கைப்பிடித்தே அழைத்துச் செல்ல வேண்டும், காலணி கனமானதாக இருக்க வேண்டும். சக்கர நாற்காலியில் வருவோருக்கு மணல் தரை கடினமாக இருக்கும். இது இந்த இடத்தின் உண்மையான குறை. முக்கியமான சில படைப்புகள் வரையிலாவது ஒரு கெட்டியான பாதை அமைத்தால் நன்றாக இருக்கும். எந்தப் பொருளையும் நகர்த்தவோ நினைவுக்கென்று எடுத்துச் செல்லவோ கூடாது. கீழே கிடக்கும் ஓர் உடைந்த விசைப்பலகைகூட அங்கே வைக்கப்பட்டதாக இருக்கலாம். நன்கொடை தர முடிந்தவர்கள் தாராளமாகத் தரலாம், கட்டணமில்லாத இடத்துக்கு அதுவே ஆதாரம்.

குறைந்தது மூன்று மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு, பிற்பகல் இரண்டு மணியளவில் போய்ச் சேருவது நல்லது. முதல் சுற்றைக் கையேடு இல்லாமலும் இரண்டாம் சுற்றைக் கையேட்டோடும் முடித்த பிறகு, வெளிச்சம் சாயும் நேரத்தில் அந்த அலுமினியத் தட்டுகளின் பக்கமாகத் திரும்பி வாருங்கள்.